சத்தமான பார்ட்டி ரொக் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

கோணமலைப் பையன்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசனுக்கு வாசிக்கிற ஒரு பேண்டில் கிற்றார் வாசிக்கிறேன். மெலடி வாசித்தால் "அருமை தம்பி" என்று தோளில் தட்டுவார்கள். ஏசி டிசி, கிஸ் குழுக்களின் பாட்டு என்று பார்ட்டி ரொக் பக்கம் போனால் அதே ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள். மூன்று கோர்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்), நாலு தட்டு, ஒரு கத்தல், இதில் மூளைக்கு என்ன வேலை என்பார்கள். ஆனால் அந்த நேரத்தில்தான் கதிரையில் இருந்த சனம் எல்லாம் எழும்பி முன்னால் வருகிறது. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் எண்ணம் இதுதான். கூட்டம் ஒன்றையுமே யோசிக்காமல் ஆட வேண்டும் என்றால், அந்த யோசனை முழுவதையும் வேறு யாரோ முன்கூட்டியே செய்து முடித்திருக்க வேண்டும். ஏசி டிசியின் 'பேக் இன் பிளாக்' ஆல்பம் 1980இல் வந்தது. தலைப்புப் பாட்டை வேகமான பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தாளம் எண்ணுகிற மெட்ரோனோமை வைத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 95 தட்டு அளவில்தான் நிற்கும், ஆறுதலாக நடக்கிற வேகம். மல்கம் யங்கின் ரிதம் கிற்றாரில் டிஸ்டோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) நாம் நினைப்பதை விட எவ்வளவோ குறைவு. அந்தக் கனம், கோர்ட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் அவர்கள் ஒன்றும் வாசிக்காமல் விடுகிற இடத்தில் இருந்து வருகிறது. ஃபில் ரட் ட்ரம்ஸில் தேவையில்லாமல் ஒரு ரோல் கூடப் போட மாட்டார். இங்கே புதிதாக வாசிக்க வருகிற பையன்கள் முதல் வேலையாக அந்த இடைவெளியை நிரப்புவார்கள், நிரப்பியதும் பாட்டு செத்துவிடும், ஆடுகிறவனுக்கு ஏன் என்று தெரியாது, கால் மட்டும் நின்றுவிடும்.

உங்களுக்கு என்ன படுகிறது? பிடிக்காதவர்களும் எழுதுங்கள்.

மடத்தடி

தம்பி, பிடிக்காதவன் எழுதுகிறேன். சத்தம் என் பிரச்சினை இல்லை. கோணேசர் கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்று வளர்ந்தவன் நான். தவிலை விடச் சத்தமான வாத்தியம் நம்மிடம் எது? யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார், காதில் அறைகிற மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நடை மாறும், கோர்வை வந்து சமத்தில், தாளத்தின் முதல் தட்டில், விழும்போது கேட்கிறவனும் அதே இடத்துக்கு வந்து சேர்வான். மூளையும் உடம்பும் இரண்டும் சேர்ந்து நிறையும்.

நீ சொல்கிற பாட்டில் இடைவெளி நன்றாக இருக்கலாம், ட்ரம்ஸ்காரர் அடக்கமாக வாசிக்கலாம். திறமையாகச் செய்தார்கள் என்பதற்காக செய்த காரியம் பெறுமதியானது ஆகிவிடுமா? சொல் எல்லாம் குடி, கார், பெண். காலையில் எழும்பினால் மனதில் ஒன்றும் மிஞ்சாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. ஒரு பாட்டு, அது ஓய்ந்த பிறகும் ஏதாவது விட்டுவிட்டுப் போக வேண்டும்.

கோணமலைப் பையன்

சேர், காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதை நான் குறையாகவே எடுக்கவில்லை. மிஞ்சுவதற்கு வேறு பாட்டுகள் இருக்கின்றன. இது அந்த மூன்று நிமிடத்துக்கு மட்டும் ஆனது.

ஆனால் நீங்கள் தவிலைக் கொண்டுவந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். பவர் கோர்ட் என்று நாங்கள் வாசிப்பது என்ன? ஷட்ஜமம், பஞ்சமம், விரும்பினால் மேல் ஷட்ஜமம். அவ்வளவுதான். காந்தாரம் கிடையாது. உங்கள் தம்புராவிலும் ஆதாரமாக ஒலிப்பது ச, ப தானே. காந்தாரம் இல்லாததால் அந்தக் கோர்ட் மேஜரும் இல்லை மைனரும் இல்லை, சந்தோஷமும் இல்லை சோகமும் இல்லை, கேட்கிறவன் எந்த மனநிலையில் வந்தாலும் அதற்குள் நின்றுகொள்ளலாம். இதற்கு ஒலியியல் காரணமும் இருக்கிறது. டிஸ்டோர்ஷன் போட்டால் இரண்டு சுரங்களும் மோதிப் புதிய அதிர்வெண்கள் பிறக்கும். ச-ப என்றால் விகிதம் 2:3, பிறக்கிறவையும் அந்த ஷட்ஜமத்தோடேயே ஒட்டிப்போகும், கீழே ஒரு சுரம் கூடச் சேர்ந்து கோர்ட் இன்னும் பெருத்துக் கேட்கும். காந்தாரத்தைச் சேர்த்தால் அதே டிஸ்டோர்ஷனில் கரகரத்துக் கலங்கிப்போகும். வீட்டில் ஆம்ப் வைத்திருக்கிற யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஒலிப்பெட்டி

சவுண்ட் சேவிஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில், ஸ்போர்ட்ஸ் மீட், 31 நைட், எல்லாவற்றுக்கும் பெட்டி இறக்கியிருக்கிறோம். ஏன் சத்தமாக வைத்தால்தான் ஆட வருகிறது என்று எல்லோரும் என்னிடம் கேட்பார்கள், சத்தத்தைக் குறை என்று சொல்கிறவர்களும் அதே ஆட்கள்தான்.

2000ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் டொட், ஃப்ரெட்ரிக் கோடி என்ற இரண்டு பேர் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நம் உட்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற உறுப்புகள் இருக்கின்றன. அதில் சக்யூல் என்ற சின்னப் பை, ஏறத்தாழ 90 டெசிபலுக்கு மேல் போகிற தாழ்ந்த சுருதி ஒலிக்கும் பதில் கொடுக்கிறது. அதாவது பேஸும் கிக் ட்ரம்மும் பெரிதாக வரும்போது, கேட்கிற காது மட்டும் இல்லை, உடம்பு அசைகிறதா என்று பார்க்கிற பகுதியும் சேர்ந்து தூண்டப்படுகிறது. ஊஞ்சலில் ஆடுகிறபோது வருகிற அந்தச் சுகத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். ஆள் கதிரையில்தான் இருக்கிறார், உள்ளே பாதி ஆடத் தொடங்கிவிட்டார்.

அதே நேரம் நான் தொழில்காரன், மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட மாட்டேன். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (NIOSH) சொல்கிற அளவுப்படி 85 டெசிபலில் 8 மணித்தியாலம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தாய்மாரைப் பார்த்தால் நானே இறங்கிப்போய்ப் பின்னால் அனுப்புவேன். பேண்ட்காரர் காதுக்கு ஒன்றும் வைப்பதில்லை. தம்பி, நீங்கள் வைக்கிறீர்களா? பஞ்சு வேலைக்காகாது, நுரை பிளக் வாங்குங்கள்.

கோணமலைப் பையன்

வைக்கிறேன் அண்ணா. ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சல்லி அலை

எனக்கு இந்தப் பாட்டுகள் பிடிக்கும். நன்றாகவே பிடிக்கும். சமையல் கட்டில் போனை ஒரு பானைக்குள் வைத்து அலற விட்டு வேலை செய்கிறவள் நான். ஆனால் இங்கே எழுதுகிற ஆண்கள் எல்லோரும் கூட்டம் கூட்டம் என்கிறீர்கள், அந்தக் கூட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருவரும் எழுதவில்லையே.

கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால் முன்னால் ஆடுவது பையன்கள். பெண்கள் ஓரமாக நின்று கை தட்டுவோம், சின்னப் பெண் பிள்ளைகள் ஆடலாம், பத்துப் பன்னிரண்டு வயது தாண்டியதும் யாராவது ஒரு மாமி கூப்பிட்டு உட்கார வைப்பார். பீச் பக்கம் பேண்ட் வாசித்தால் வெளிநாட்டுப் பெண்கள் ஆடுவார்கள், நம் பெண்கள் வேலிக்கு இந்தப் பக்கம். யோசிக்காமல் ஆடுவது என்கிறீர்கள், எனக்கு அங்கே நூறு யோசனை, யார் பார்க்கிறார்கள், யார் போனில் எடுக்கிறார்கள், குடித்துவிட்டு யார் மேலே விழப்போகிறான் என்று. மூளையைக் கழற்றி வைக்கிற உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. சேர் சொன்ன சொற்களின் விஷயமும் இதில் சேரும். பெண்ணை ஒரு பொருளாகப் பாடுகிற வரியைக் கத்திக்கொண்டே ஒருவன் பக்கத்தில் வந்தால், அது வெறும் பாட்டு என்று என்னால் எடுக்க முடியாது.

பாட்டை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் அதில் இடம் வேண்டும்.

டொரொன்டோ திருமலை

வணக்கம். 2003 ஜூலை 30, டவுன்ஸ்வியூ பார்க். சார்ஸ் நோயால் டொரொன்டோவுக்கு ஒருவரும் வராமல் நகரம் படுத்துக் கிடந்த வருடம். மக்களைத் திரும்ப வெளியே கொண்டுவர ஒரு பெரிய இசை நிகழ்ச்சி வைத்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ், ரஷ், ஏசி டிசி. நாலு லட்சத்துக்கு மேல் சனம். நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை, இங்கிலீஷ் ஒழுங்காக வராது, கூட வேலை செய்த ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்.

ஏசி டிசி ஏறியதும் நடந்ததை எப்படி எழுதுவது. எனக்குச் சொல் ஒன்றும் விளங்கவில்லை, விளங்கத் தேவையும் இருக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் யார், எந்த நாடு, ஒன்றும் தெரியாது, கையைத் தூக்குகிற இடத்தில் எல்லோரும் கையைத் தூக்கினோம். கனடாவுக்கு வந்த பிறகு நான் பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம் இல்லாமல் பொது இடத்தில் வாயைத் திறந்து கத்தியது அங்கேதான். நுட்பமான பாட்டு என்றால் எனக்கு உள்ளே போக வழி இருந்திருக்காது. அங்கே வாசலே இல்லை, நேரே உள்ளே.

மடத்தடி சேர், உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், அது என்னிடம் இன்றுவரை மிஞ்சி இருக்கிறது.

பாலையூற்று

ரொக்கைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், நம் ஊரில் பார்ட்டி இசை அதற்கு முன்னமே இருந்தது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் கஃபிரிஞ்ஞா ஆடாமல் விடிவதில்லை. வயலின், கிற்றார், தட்ட ஏதாவது ஒன்று, போர்த்துக்கேய மொழியில் பாட்டு. அந்த வழியில் வந்ததுதான் பைலா. 1940களில் வொலி பஸ்டியன் அதைச் சிங்களத்தில் பாடிப் பிரபலமாக்கினார், பிறகு எம்.எஸ்.பெர்னாண்டோ, ஜிப்சீஸ் குழு. தமிழில் ஏ.ஈ.மனோகரன், நித்தி கனகரத்தினம். இவர்களைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் ஆடினோம்.

கோணமலைப் பையனுக்கு ஒரு கேள்வி. பைலா ஆறு எட்டுத் தாளத்தில் போகிறது, இடுப்பும் தோளும் தானாக ஆடும், தாத்தா பாட்டி கூட எழும்புவார்கள். ரொக் நாலு நாலு, தரையை மிதிக்கிற தாளம். நம் சனத்துக்குப் பைலாவே போதாதா?

கோணமலைப் பையன்

போதாது என்று சொல்ல மாட்டேன், நாங்களும் பைலா வாசிக்காமல் ஓர் இரவும் முடிப்பதில்லை. ஆனால் இரண்டும் வேறு வேலை செய்கின்றன. பைலா ஓடும்போது ஒவ்வொருவரும் தன் தன் நளினத்தைக் காட்டுவார்கள், நன்றாக ஆடுகிறவரைச் சுற்றி வட்டம் விழும். ஆடத் தெரியாதவன் கொஞ்சம் கூச்சப்பட்டு நிற்பான். நாலு நாலில் மிதிக்க யாருக்கும் தெரியும், அங்கே நன்றாக ஆடுகிறவன் என்று ஒருவனும் இல்லை. குவீன் குழு 1977இல் செய்த அந்த மிதி-மிதி-தட்டு பாட்டை, 'வீ வில் ரொக் யூ'வை, எடுங்கள். அதில் ட்ரம்ஸே கிடையாது. காலால் பலகையை மிதித்துக் கை தட்டிப் பதிவு செய்தார்கள். பிறகு ஒரு பெரிய கூட்டம் போல ஒலிக்க, வெவ்வேறு தாமதத்தில் அதையே அடுக்கினார்கள். அந்தத் தாமதங்களைக் கணக்குப் பார்த்து வைத்தவர் பிரையன் மே, இயற்பியல் படித்தவர், 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் எடுத்தார். கச்சேரிகளில் சனம் கூடவே பாடுவதைப் பார்த்துவிட்டு, இவர்கள் கையும் காலும் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யோசித்து எழுதியது. மூளை இல்லை என்கிறார்களே, இதற்கு எவ்வளவு மூளை போயிருக்கிறது பாருங்கள்.

கிஸ் குழுவின் கதை இன்னும் நேரடியானது. 'ரொக் அண்ட் ரோல் ஓல் நைட்' 1975இல் ஸ்டூடியோப் பதிவாக வந்தபோது பெரிதாக ஓடவில்லை. அதே வருடம் நேரடி ஆல்பத்தில் கூட்டத்தின் இரைச்சலோடு வந்தது, அதுதான் ஹிட். பாட்டு அதே பாட்டு, சனம் மட்டும் கூடச் சேர்ந்தது.

உட்துறைமுகம்

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. வயது அறுபதை நெருங்குகிறது. இந்தப் பாட்டுகளின் பெயர் ஒன்றும் எனக்குத் தெரியாது, மகன் போடுவான், கேட்பேன்.

எங்கள் தலைமுறைக்குச் சத்தம் என்றால் என்ன என்று இங்கே இளம் ஆட்கள் யோசிக்க வேண்டும். ஷெல் அடி, கிபிர் விமானம், கிளைமோர் கண்ணி. ஒரு வெடி கேட்டால் உடனே திசையைக் கணக்குப் போடுவோம், எங்களதா அவர்களதா, போகிறதா வருகிறதா, பிள்ளை பள்ளிக்கூடத்தில் எந்தப் பக்கம். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் சண்டை நடந்தபோது இங்கே டவுனில் யன்னல் கண்ணாடி நடுங்கும். ஊரடங்கு போட்ட இரவில் ரேடியோவைக்கூடக் குறைத்துத்தான் வைப்போம், வெளியே சத்தம் கேட்கக் கூடாது என்பது பழகிப்போன விஷயம். கதவைச் சாத்துகிறபோதுகூடக் கையால் பிடித்துச் சாத்தின வாழ்க்கை.

யுத்தம் முடிந்து சில வருடம் கழித்துக் கடற்கரையில் ஒரு பேண்ட் வாசித்தது. பெரிய ட்ரம்ஸை ஓங்கி ஓர் அடி அடித்தான். என் உடம்பு குனிந்தது, அது என் கையில் இல்லை. சுற்றி நின்ற இளம் பிள்ளைகள் ஒருவரும் குனியவில்லை. குதித்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர்களிடம் வேறு அர்த்தம். எனக்கு அன்றைக்கு அந்தப் பாட்டு நல்லதா கெட்டதா என்ற கேள்வியே வரவில்லை, இவ்வளவு பெரிய சத்தத்தை நாங்களே விரும்பி, காசு கொடுத்து, பிள்ளைகளைக் கூட்டிவந்து வைக்கிறோம், ஒருவனும் சாகப் போவதில்லை என்பதை நினைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மனைவி வீட்டுக்குப் போகலாம் என்றாள், கொஞ்சம் பொறு என்றேன்.

ஒன்றும் நினைக்காமல் இருப்பது லேசான காரியம் என்று நினைக்காதீர்கள். எங்களில் கனபேருக்கு அது இன்னும் வாய்க்கவில்லை.

மடத்தடி

உட்துறைமுகம் ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நன்றி.

சொற்களைப் பற்றிய என் கருத்து அப்படியே இருக்கிறது. ச, ப, காந்தாரம் இல்லாத விஷயத்தை வகுப்பில் தம்புராவை வைத்துக் காட்டப்போகிறேன், அது நல்ல விளக்கம். ஆனால் தம்பி, திரும்பத் திரும்ப வருகிற அந்தக் கிற்றார் ரிஃபுக்கு மேல் ஏன் கடன் வாங்கிய சொல்லைக் கத்த வேண்டும்? நித்தி கனகரத்தினம் நம் பேச்சுத் தமிழில் பாடவில்லையா? கூட்டம் கத்துவதற்குத் தமிழில் ஒரு வரி எழுத முடியாதா?

கோணமலைப் பையன்

சேர், முயற்சி செய்தோம், சரிவரவில்லை. காரணத்தையும் சொல்கிறேன். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கத்துகிற வரி நாலு ஐந்து அசைக்குள் முடிய வேண்டும், கடைசி எழுத்து ஆ, ஓ மாதிரித் திறந்த வாயோடு இழுபட வேண்டும். நாங்கள் எழுதின வரிகள் எல்லாம் நீளமாகிவிட்டன, அல்லது ம், ன் என்று மூடிக்கொண்டன. சினிமாக் குத்துப் பாட்டு மாதிரி எழுதினால் சொல் நிறைய வந்து ரிஃபின் இடைவெளியை மூடிவிடுகிறது.

சல்லி அலை

இதற்கு ஏன் புதிதாக எழுதுகிறீர்கள்? கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் அப்பப்பா ஆட்கள் அம்பாப் பாட்டுப் பாடித்தான் வலை இழுத்தார்கள். ஒருவர் முன்பாட்டு எடுப்பார், அவர் வாயில் வந்ததைப் பாடுவார், பேச்சும் பகிடியும் சாமி பெயரும் எல்லாம் வரும். மற்ற எல்லோரும் 'ஏலேலோ' என்று மட்டும் பதில் கொடுப்பார்கள். அதற்கு அர்த்தம் கிடையாது. யாரும் யோசிக்கக் கூடாது, ஒரே நேரத்தில் கை இழுபட வேண்டும், அவ்வளவுதான். முன்பாட்டு முடிந்து பதில் வருகிற இடத்தில்தான் இழுவை விழும். உங்கள் கிற்றார் விடுகிற இடைவெளியில் சனத்தை அதைக் கத்த விடுங்கள். ஓ-வில்தான் முடிகிறது, மூன்று அசைதான்.

ஒலிப்பெட்டி

அக்கா சொன்னது நடக்கும், கடற்கரையில் செய்து பார்க்கலாம். முன்பாட்டுக்கு ஒரு மைக் போதும், சனத்துக்கு மைக் வேண்டாம், கடற்காற்று எதிரே அடித்தால்தான் கேட்காது, அதனால் மேடையைக் காற்றுக்கு முதுகு காட்டி வைப்போம். நேரம் மட்டும் கவனம். 2007இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டது. பின்னேரம் ஆறு மணிக்கே தொடங்கினால் நல்லது.

கோணமலைப் பையன்

ஆறு மணிக்குத் தொடங்கினால் குடி தொடங்கும் முன்னமே பாதி முடிந்துவிடும், குடும்பங்களும் வரும். சல்லி அக்கா, நீங்கள் இடம் கேட்டீர்கள். மேடைக்கு முன்னால் இடது பக்கத்தைக் கயிறு கட்டிப் பெண்களுக்கு விடுகிறோம், போனில் எடுக்கிறவனை வெளியே அனுப்ப இரண்டு பேரை நிற்பாட்டுகிறோம். முன்பாட்டு எடுக்க உங்கள் பக்கத்தில் பாடுகிற பெண்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ரிஹேர்சலுக்கு நாங்கள் உங்கள் சல்லி ஊருக்கே வருகிறோம்.

சல்லி அலை

கயிறு வேண்டாம் தம்பி. கயிறு கட்டினால் அதற்கு வெளியே ஆடுகிறவள் பிழையானவள் என்று ஆகிவிடும். அந்த இரண்டு பேரை நாலு பேராக்குங்கள், அதில் இரண்டு பெண்களை நிற்பாட்டுங்கள். முன்பாட்டுக்கு என் சித்தி இருக்கிறார், குரல் மைக் இல்லாமலே அலையைத் தாண்டிப் போகும். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.